சாம்பிள் பாஸ், சப்மிட் ஃபெயில்: கோடிங் சேலஞ்ச் டிபக் பண்றது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலேஜ் ஜூனியர்ஸ் வாட்ஸ்அப்ல அனுப்புற டவுட்ல பாதிக்கு மேல ஒரே டவுட்டுதான், ஆளு மட்டும் மாறும். பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா கேக்கவே வேணாம், ராத்திரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வரும், கீழ "அக்கா ஏன் வரல"ன்னு ஒரு வரி இருக்கும், அவ்ளோதான். அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேலேருந்து வரிசையா படிங்க, மேல சொன்னத கீழ திரும்ப சொல்லல.

அக்கா சாம்பிள் எல்லாம் பாஸ் ஆகுது, சப்மிட் பண்ணா ராங் ஆன்சர். ஜட்ஜ்ல ஏதாச்சும் பிராப்ளமா இருக்குமோ?

இல்ல. ஜட்ஜ்னா நீங்க சப்மிட் பண்ண கோட மறைச்சு வச்ச டெஸ்ட்ல ஓட்டிப் பாக்குற சைட்டோட புரோகிராம். நூத்துல 99 தடவ உங்க கோட்ல தான் பிராப்ளம், அந்த மிச்ச ஒரு தடவய கடைசில பாப்போம். சாம்பிள் குடுக்குறது இன்புட் எந்த ஃபார்மட்ல வரும், அவுட்புட் எப்படி இருக்கணும்னு காட்டத்தான், உங்க லாஜிக் சரியான்னு செக் பண்ண இல்ல.

கோட்ஃபோர்சஸ்ங்குற சைட்ல 4ஏ நம்பர், தர்பூசணி கணக்கு, நெறைய பேரு ஆரம்பிக்கிறதே இதுலதான். ஒரு பழத்த ரெண்டா வெட்டணும், ரெண்டு துண்டோட எடையும் இரட்டைப்படையா இருக்கணும், முடியுமா முடியாதா, எடை 1-லேருந்து 100 வரைக்கும். சாம்பிள் ஒண்ணே ஒண்ணு, 8-க்கு யெஸ். எல்லாரும் "2-ஆல வகுபட்டா யெஸ்"னு எழுதி சாம்பிள் பாஸ் ஆனதும் சப்மிட் பண்ணிருவாங்க. எடை 2-ன்னு வந்தா? 1, 1-ன்னுதான் வெட்ட முடியும், ரெண்டுமே ஒற்றைப்படை, ஆன்சர் நோ. கண்டிஷன்ல "எடை 1-லேருந்து"ன்னு எழுதிருக்காங்களே, அந்த 1, 2, 3-ஐ கைல போட்டுப் பாத்திருந்தாலே முடிஞ்சிருக்கும்.

ராங் ஆன்சர், டிஎல்இ, ரன்டைம் எரர்னு விதவிதமா வருதே, எல்லாமே தப்புதானே, எது வந்தா என்ன?

எங்க தேடணும்னு சொல்றதே அதுதான். ராங் ஆன்சர்னா கோட் முழுசா ஓடி முடிச்சிருச்சு, சொன்ன ஆன்சர்தான் தப்பு. லாஜிக், ஓவர்ஃப்ளோ (எண்ணு வேரியபிளுக்குள்ள அடங்காம போறது), அவுட்புட் ஃபார்மட் இந்த மூணுல ஒண்ணு. ரன்டைம் எரர்னா நடுவுலயே செத்துருச்சு, அர்ரேக்கு வெளிய போயிருக்கும், சைபரால வகுத்திருக்கும், இல்ல ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது) ரொம்ப ஆழமா போயிருக்கும். டிஎல்இன்னா டைம் லிமிட் எக்சீடட், டைம் பத்தல, இல்லன்னா லூப் முடியவே இல்ல, இது ரெண்டும் வேற வேற வியாதி.

கம்பைலேஷன் எரர் பத்தி யாரும் கேக்க மாட்டீங்க, ஆனா உங்க மெஷின்ல கம்பைல் ஆகி அங்க ஆகலன்னா லாங்வேஜ் வெர்ஷன தப்பா செலக்ட் பண்ணிருக்கீங்களான்னு பாருங்க, இல்லன்னா ஜாவால கிளாஸ் பேரு அவங்க கேட்டதா இல்லாம இருக்கும்.

சரி, என் கோட் எந்த இன்புட்டுக்கு தப்பா வருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஜட்ஜ்தான் காட்டவே மாட்டேங்குதே

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பீங்கன்னா இத படிங்க. தப்பா வர்ற ஒரு இன்புட் கைல கெடைக்கிற வரைக்கும் கோட தொடாதீங்க. லெஸ் தென்ன லெஸ் தென் ஆர் ஈக்குவலா மாத்தி சப்மிட், பிளஸ் 1 போட்டு சப்மிட், அத எடுத்துட்டு சப்மிட்னு போறது டிபக்கிங் இல்ல, லாட்டரி. அப்படியே பாஸ் ஆனாலும் ஏன் பாஸ் ஆச்சுன்னு தெரியாது, அடுத்த கணக்குல அதே தப்பு திரும்ப வரும்.

மொதல்ல சைட்டே காட்டுதான்னு பாருங்க. லீட்கோட் எந்த இன்புட்ல ஃபெயில் ஆச்சுன்னு அப்படியே காட்டும். சிஎஸ்இஎஸ்லயும் டெஸ்ட தொறந்து பாக்கலாம். கோட்ஃபோர்சஸ்ல கான்டெஸ்ட் முடிஞ்சப்புறம் பாக்கலாம், ஆனா பெரிய டெஸ்ட்னா பாதில வெட்டி புள்ளி வச்சிருவாங்க. ஹேக்கர்ரேங்க்ல ஹேக்கோஸ், அதாவது அந்த சைட்டோட பாயின்ட், குடுத்து வாங்கணும். எதுவும் இல்லன்னா நீங்களே செய்யணும், பேப்பர் எடுத்து ரொம்ப சின்ன இன்புட்டா எழுதுங்க: என் (n, எத்தன எண்ணு வருதுங்குறது) = 1, எல்லா எண்ணும் ஒரே எண்ணு, இறங்கு வரிசை, சைபர், நெகட்டிவ் (கண்டிஷன்ல இருந்தா). ஒவ்வொண்ணுக்கும் என்ன ஆன்சர் வரணும்னு கோட ஓட்டுறதுக்கு *முன்னாடியே* எழுதிருங்க, ஓட்டிட்டு பாத்தா வந்த ஆன்சரே சரியான மாதிரிதான் தெரியும்.

லீட்கோட் மொத கணக்கு டூ சம்ல இத பாருங்க. கூட்டினா டார்கெட் வர்ற ரெண்டு எண்ணோட இன்டெக்ஸ் வேணும். ரெண்டு லூப், உள் லூப்பும் 0-லேருந்து ஆரம்பிக்குது. 2, 7, 11, 15-ல டார்கெட் 9 குடுத்தா 0, 1-ன்னு கரெக்டா வரும். 3, 2, 4-ல டார்கெட் 6 குடுங்க. வெளி லூப் 0-ல 3, உள் லூப் 0-ல அதே 3, கூட்டினா 6, ஆன்சர் 0, 0. ஒரே எண்ண ரெண்டு தடவ எடுத்துருச்சு. டிக்‌ஷனரி வச்சு எழுதுறவங்க மொதல்ல எல்லாத்தையும் உள்ள போட்டுட்டு அப்புறம் தேடுனா இதே இன்புட்ல இதே 0, 0 தான் வரும், தேடிட்டு அப்புறம்தான் போடணும். மூணு எண்ணு இருக்குற ஒரு இன்புட், ரெண்டு விதமா எழுதுனவங்களோட தப்பையும் காட்டிருச்சு பாருங்க.

பிரின்ட் போட்டு பாத்தா போதுமா, டிபக்கர் கத்துக்கணுமா?

பிரின்ட் போதும், அத வெக்கப்படாம போடுங்க. ஆனா சும்மா எண்ண மட்டும் பிரின்ட் பண்ணாதீங்க, ஸ்க்ரீன்ல 3 3 0 5-ன்னு ஓடும், எது எதுன்னு தெரியாது. வேரியபிள் பேரோட சேத்து போடுங்க. லூப்புக்குள்ள ஒவ்வொரு சுத்துலயும் போடுங்க, அடுத்து என்ன வரணும்னு மனசுல சொல்லிக்கிட்டே படிங்க, நீங்க நெனச்சதும் ஸ்க்ரீன்ல வந்ததும் மொத தடவ மாறுற எடம்தான் பக். அதுக்கப்புறம் வர்ற தப்பெல்லாம் அதோட விளைவுதான், பாக்கவே வேணாம்.

சப்மிட் பண்றப்ப எடுக்க மறந்துட்டா அதுக்கே ராங் ஆன்சர் வரும். சி++ல சி-அவுட்டுக்கு பதிலா சி-எர்ல (எரர் மெசேஜுக்கான தனி அவுட்புட்) போட்டா பெரும்பாலான ஜட்ஜ் அத கணக்குல எடுக்காது, ஆனா லூப்புக்குள்ள லட்சம் தடவ எழுதுனா டைம் போயிரும், எடுத்துருங்க.

எதிர்பாத்த அவுட்புட்டும் என் அவுட்புட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, ஆனாலும் ராங் ஆன்சர்ங்குது

உங்க கண்ணுக்குத்தான் ஒரே மாதிரி. லேப்ல பழகுன பழக்கம், "என்டர் தி வேல்யூ ஆஃப் என்"னு ஒரு பிரின்ட் போட்டு இன்புட் வாங்குவீங்க. ஜட்ஜ் அதையும் சேத்துதான் உங்க ஆன்சரா படிக்கும். பைத்தான்ல இன்புட் ஃபங்ஷனுக்குள்ள எழுதுற வார்த்தையும் அவுட்புட்லதான் போகும். அடுத்தது லிஸ்ட்ட அப்படியே பிரின்ட் பண்றது, அவங்க 1 2 3 கேட்டா நீங்க சதுர அடைப்புக்குறியும் கமாவும் போட்டு அனுப்பிருப்பீங்க.

பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம், வரி கடைசில ஒரு ஸ்பேஸ், தசமத்துக்கு அப்புறம் எத்தன இலக்கம், இதெல்லாம் சைட்டுக்கு சைட் மாறும், சிலது விட்டுரும் சிலது விடாது. யெஸ், நோ மாதிரி வார்த்தைய டைப் பண்ணாதீங்க, கணக்குலேருந்தே காப்பி பண்ணிருங்க.

எங்க வீட்டு சிஸ்டத்துல கரெக்டா வருது, அங்க மட்டும் தப்பா வருது. ஒரே கோட் எப்படிக்கா ரெண்டு ஆன்சர் குடுக்கும்?

சி, சி++ல நல்லாவே குடுக்கும். ஃபங்ஷனுக்குள்ள "இன்ட் சம்"னு மட்டும் எழுதி 0 வைக்காம விட்டா உள்ள என்ன குப்ப இருக்குன்னு சொல்ல முடியாது, உங்க மெஷின்ல தற்செயலா 0 இருக்கும், அங்க இருக்காது. குளோபலா எழுதுனா 0-ல ஆரம்பிக்கும், அதனாலதான் உள்ள எழுதுனத வெளிய தூக்கி வச்சதும் "சரியாயிருச்சு"ன்னு தோணும். அதே மாதிரி அர்ரே சைஸ் 5-ன்னு வச்சுட்டு 5-ஆவது இன்டெக்ஸ்ல எழுதுனா பக்கத்துல இருக்குற வேரியபிள அழிச்சிரும், சத்தமே வராது. கம்பைல் பண்றப்ப வார்னிங் எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, ஜிசிசி கம்பைலர்ல அட்ரஸ் சானிடைசர் ஆன் பண்ணி ஓட்டுனா வெளிய போன எடத்த வரி நம்பரோட சொல்லும்.

லீட்கோட்ல இன்னொரு கத இருக்கு. அங்க உங்க ஃபங்ஷன ஒரே ஓட்டத்துல பல டெஸ்ட்டுக்கு கூப்பிடும், குளோபல், ஸ்டாட்டிக் வேரியபிள் வச்சிருந்தா போன டெஸ்ட்டோட மிச்சம் அதுலயே இருக்கும். தனியா ஓட்டுனா சரி, சப்மிட் பண்ணா தப்புன்னு வந்தா மொதல்ல இத பாருங்க. அப்புறம் இன்டிஜருக்கு அடுக்கு கணக்கு போடுற பவ் ஃபங்ஷன் யூஸ் பண்ணாதீங்க, அது தசமத்துல கணக்கு போடுது, விண்டோஸ்ல பழைய கம்பைலர்ல 10-ஓட ஸ்கொயர இன்ட்ல வாங்குனா 99 வர்றத பாத்து தலைய பிச்சுக்கிட்டவங்க நெறைய பேர் இருக்காங்க. பெருக்கிருங்க, முடிஞ்சுது.

ஆன்சர் நெகட்டிவ்ல வருதுக்கா, நான் எங்கயும் கழிக்கவே இல்ல

ஓவர்ஃப்ளோ. இன்ட்ல 2147483647 வரைக்கும்தான் புடிக்கும், சுமார் 214 கோடி. கோட்ஃபோர்சஸ் 1ஏ, சதுக்கத்துல பதிக்க எத்தன கல்லு வேணும்ங்குற கணக்கு, நீளம் அகலம் ரெண்டுமே 100 கோடி வரைக்கும் போகலாம், கல்லு 1-க்கு 1-ஆ கூட இருக்கலாம். சாம்பிள்ல 6-க்கு 6 சதுக்கம், 4-க்கு 4 கல்லு, ஆன்சர் 4, அழகா வரும். பெருசு குடுத்தா வர வேண்டியது 1-க்கு பின்னாடி 18 சைபர், இன்ட்ல வர்றது -1486618624. இதுக்கு இன்னும் பெரிய எண்ணு புடிக்கிற லாங் லாங் டைப் வேணும்.

நெகட்டிவ் வந்தா அதிர்ஷ்டம்னு வச்சுக்கோங்க, தப்புன்னாவது தெரியும். ஒரு லட்சத்த ஒரு லட்சத்தால இன்ட்ல பெருக்குனா பொதுவா 1410065408 வரும், பாக்க நல்ல எண்ணு மாதிரியே இருக்கும். "நான் லாங் லாங்லதான் வாங்குறேன்"னு சொல்லுவீங்க, ஆனா பெருக்குற ரெண்டும் இன்ட்னா பெருக்கல் இன்ட்லயே நடந்து கெட்டுப்போனப்புறம்தான் லாங் லாங்குக்குள்ள போகுது. பெருக்குறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது மாத்தணும்.

இன்புட் சின்னதா இருந்தா கவல இல்லன்னும் நெனைக்காதீங்க. சிஎஸ்இஎஸ் மொத கணக்கு: இரட்டைன்னா பாதியாக்கு, ஒற்றைன்னா மூணால பெருக்கி ஒண்ணு கூட்டு, 1 வர்ற வரைக்கும். இன்புட் 10 லட்சம் வரைக்கும்தான். 3 குடுத்தா 3 10 5 16 8 4 2 1, சமத்தா முடியும். 113383 குடுங்க, நடுவுல 2482111348 வரைக்கும் ஏறி எறங்கும், இன்ட் தாங்காது. இன்புட் எவ்ளோ பெருசுன்னு மட்டும் பாக்காதீங்க, நடுவுல எவ்ளோ பெருசாகும்னும் பாருங்க.

நான் பைத்தான்தான், எனக்கு இந்த ஓவர்ஃப்ளோ தொல்லையே கிடையாதுல்ல?

இன்டிஜர்ல கிடையாது. ஆனா ஒத்த ஸ்லாஷ் போட்டு வகுத்தீங்கன்னா தசமத்துக்கு போயிருது, அங்க 9007199254740992-க்கு மேல எல்லா முழு எண்ணையும் துல்லியமா வைக்க முடியாது. 1000000000000000002-ஐ ஒத்த ஸ்லாஷ்ல 2-ஆல வகுத்து இன்ட் போட்டுப் பாருங்க, கடைசில வர வேண்டிய 1 காணாமப் போயிருக்கும். ரெட்ட ஸ்லாஷ் போடுங்க. அதுலயும் நெகட்டிவ்னா கவனம்: -7-ஐ 2-ஆல வகுத்தா பைத்தான் ரெட்ட ஸ்லாஷ் -4 குடுக்கும், சி++, ஜாவா -3 குடுக்கும். மீதிலயும் இதே வித்தியாசம் இருக்கு, -3-ஐ 2-ஆல வகுத்த மீதி பைத்தான்ல 1, சி++ல -1. அதனால சி++ல ஒற்றைப்படையான்னு பாக்க "மீதி 1-ஆ"ன்னு கேக்காதீங்க, "மீதி 0 இல்லையா"ன்னு கேளுங்க.

பைத்தான்காரங்க அடிக்கடி விழுற குழி 2டி லிஸ்ட். சைபர் வச்ச ஒரு வரிய எழுதி அதையே n-ஆல பெருக்கி கிரிட் செஞ்சீங்கன்னா கெடைக்கிறது n வரி இல்ல, ஒரே வரிக்கு n பேரு. மொத வரில ஒரு எடத்த மாத்துனா எல்லா வரிலயும் மாறும். லூப் போட்டு ஒவ்வொரு வரியையும் தனியா செய்யணும். அப்புறம் ரிகர்ஷன், சொல்லாம விட்டா 1000 ஆழத்தோட நிறுத்திரும்.

டிஎல்இ வருதுக்கா. ஆன்சர் கரெக்ட்தானே, சர்வர் ஸ்லோவா?

கணக்கு போட்டுப் பாருங்க, சர்வர திட்ட வேண்டிய அவசியமே வராது. என் 2 லட்சம்னு குடுத்திருக்காங்க, நீங்க லூப்புக்குள்ள லூப், 2 லட்சம் பெருக்கல் 2 லட்சம், 4000 கோடி. சி++ல தோராயமா செகண்டுக்கு 10 கோடி சின்ன வேலைன்னு வச்சா 400 செகண்ட், அவங்க குடுத்தது 2 செகண்ட். இதுல ஸ்பீடா எழுதுறது, வேரியபிள கொறைக்கிறது எதுவும் உதவாது, வழியவே மாத்தணும். சார்ட் பண்ணி செய்ற மாதிரி இருந்தா 2 லட்சத்துக்கு 18 மடங்கு, 36 லட்சம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடியும். அதனால எழுதுறதுக்கு முன்னாடியே கண்டிஷன்ல என் எவ்ளோன்னு பாருங்க, எந்த மாதிரி வழி வேணும்னு அந்த எண்ணே சொல்லிரும்.

கண்ணுக்கு தெரியாத லூப்பும் உண்டு. பைத்தான்ல "இன் லிஸ்ட்"னு கேக்குற ஒவ்வொரு தடவயும் அது லிஸ்ட் முழுக்க தேடுது, செட்டா மாத்துங்க. சி-ல ஃபார் லூப் கண்டிஷன்ல எஸ்டிஆர்லென் போட்டா சுத்துக்கு ஒரு தடவ ஸ்ட்ரிங்க முழுசா எண்ணலாம். சி++ல ஒவ்வொரு வரிய முடிக்கவும் என்ட்எல் போட்டா ஒவ்வொரு தடவயும் பஃபர் காலியாகுது, லட்சம் வரின்னா அதுவே டைம திங்கும்.

பைனரி சர்ச் எழுதுனாலே லூப் முடிய மாட்டேங்குது, எப்ப பிளஸ் 1 எப்ப மைனஸ் 1ன்னு மனப்பாடம் பண்ணிட்டேன், அப்பவும் வரல

பைனரி சர்ச்னா லோவுக்கும் ஹைக்கும் நடுவுல மிட்ட பாத்து, தேடுற எடத்த பாதி பாதியா கொறைக்கிறது. மனப்பாடம் வேணாம், ரெண்டே எண்ணு இருக்குறப்ப என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க. லோ 0, ஹை 1. மிட் 0-ம் 1-ம் கூட்டி பாதி, 0. உங்க கண்டிஷன் சரின்னா லோவ மிட்டாக்குறீங்க. லோ 0 தான். ஹை 1 தான். அடுத்த சுத்துலயும் அதே. முடியவே முடியாது. லோவ மிட்டாக்குற கோட்ல மிட்ட மேல் பக்கமா எடுக்கணும், கூட்டி இன்னும் ஒண்ணு சேத்து பாதியாக்கணும். ஹைய மிட்டாக்குறவங்களுக்கு கீழ் பக்கமா எடுத்தா போதும். இது டிஎல்இன்னு காட்டுனாலும் ஸ்பீடு பிராப்ளம் இல்ல, போன பதில்ல சொன்ன கணக்கு இதுக்கு உதவாது.

பைனரி சர்ச்ல தப்பு பண்றது அவமானமும் இல்ல. ஜாவாவோட சொந்த லைப்ரரிலயே லோவையும் ஹையையும் கூட்டுற எடத்துல ஓவர்ஃப்ளோ இருந்துச்சு, சுமார் ஒம்பது வருஷம் யாரும் கவனிக்கல, 2006-ல அத எழுதுன ஜோஷுவா பிளாக்கே வெளிப்படையா எழுதுனாரு. அர்ரே 100 கோடிக்கு மேல போனாத்தான் வெடிக்கும், அதான் அவ்ளோ நாள் தூங்குச்சு.

சாம்பிள்ல ரெண்டு டெஸ்ட் ஒண்ணா குடுத்திருக்காங்க, அது வருது. சப்மிட் பண்ணா ரெண்டாவது டெஸ்ட்லயே போயிருது

ஒரே ஃபைல்ல பல டெஸ்ட், டி (t) தடவ கேக்குற கணக்கு, கோட்செஃப், கோட்ஃபோர்சஸ்ல ரொம்ப சகஜம். ஒண்ணு, போன தடவயோட மிச்சம். கவுன்ட், மேக்ஸ், விசிட்டட் அர்ரே எல்லாத்தையும் ஒவ்வொரு தடவயும் புதுசாக்கணும். ஆனா ஒரு லட்சம் சைஸ் அர்ரே முழுசையும் பத்தாயிரம் தடவ சைபராக்குனா அது 100 கோடி வேல, ராங் ஆன்சர் போயி டிஎல்இ வந்துரும், அந்த தடவ யூஸ் பண்ண அளவு மட்டும் தொடைங்க.

இன்னொண்ணு நைசா இருக்கும். நெகட்டிவ் எண்ணு இருக்கான்னு கேக்குறாங்க, நீங்க படிச்சுக்கிட்டே பாக்குறீங்க. என் 5, எண்ணு 4 -1 7 8 9. ரெண்டாவதுலயே கெடச்சிருச்சு, யெஸ் பிரின்ட் பண்ணி பிரேக். 7 8 9 படிக்காம அப்படியே நிக்குது. அடுத்த தடவ n-ஐ வாங்கப் போனா கெடைக்கிறது 7. அதுக்கப்புறம் எல்லாமே கோணல். சாம்பிள்ல நெகட்டிவ் கடைசில இருந்திருந்தா தெரியவே தெரியாது. முழுசா படிச்சிருங்க, அப்புறமா யோசிங்க.

ரன்டைம் எரர்னு மட்டும்தான் சொல்லுது, எந்த வரின்னு சொல்லல

மூணாவது கேள்வில சொன்ன சின்ன இன்புட்டெல்லாம் ஓட்டுங்க, பாதி இதுலயே விழும், முக்கியமா என் = 1. ஐ-க்கு அடுத்தத, ஐ பிளஸ் 1-ஐ தொடுற லூப் கடைசி சுத்துல வெளிய போகும். பைத்தான்னா இன்புட் வாங்குற வரியவே சந்தேகப்படுங்க, ஒரே வரில ரெண்டு எண்ணு வர்றப்ப ஸ்ப்ளிட் பண்ணாம இன்ட்டுக்குள்ள போட்டிருப்பீங்க. ஒண்ணும் விழலன்னா பெரிய இன்புட் செஞ்சு ஓட்டுங்க, அர்ரே சைஸா ரிகர்ஷனான்னு தெரிஞ்சிரும்.

ஜாவால ரெண்டு எண்ண கம்பேர் பண்றேன், சின்னதுக்கு சரியா வருது பெருசுக்கு வரல. பைத்தியம் புடிக்குது

அர்ரேலிஸ்ட்ல வச்சிருக்கீங்களா? அதுல இருக்குறது இன்ட் இல்ல, இன்டிஜர் ஆப்ஜெக்ட். ரெண்டு ஈக்குவல் போட்டா மதிப்ப பாக்காது, ரெண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டான்னு பாக்கும். -128-லேருந்து 127 வரைக்கும் ஜாவா ஏற்கனவே செஞ்சு வச்ச ஆப்ஜெக்ட்டையே குடுக்குறதால சரியா வர்ற மாதிரி இருக்கும், 128-லேருந்து கை விட்டுரும். ஈக்குவல்ஸ் மெத்தட் போடுங்க. சாம்பிள்ல எப்பவும் சின்ன எண்ணுதான குடுப்பாங்க, அதனால சாம்பிள் பாஸ் ஆகும்.

கைல இன்புட் எழுதி எழுதி பாத்துட்டேன், ஒண்ணுலயும் தப்பு வரல. அப்புறம்?

மெஷின எழுத விடுங்க, இதுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்னு பேரு. அதே கணக்குக்கு எவ்ளோ ஸ்லோவா இருந்தாலும் பரவால்ல, கண்ண மூடிட்டு சரின்னு சொல்ற மாதிரி முரட்டு கோட் ஒண்ணு எழுதுங்க. ரேண்டமா இன்புட் குடுக்குற சின்ன கோட் ஒண்ணு. லூப்ல ரெண்டையும் ஓட்டி ஆன்சர் மாறுனா நிறுத்தி இன்புட்ட பிரின்ட் பண்ணுங்க.

இதுல எல்லாரும் கெடுக்குறது ரேண்டம் அளவ. என் 1000, எண்ணு 100 கோடி வரைக்கும்னு வைப்பாங்க, தப்பு கெடச்சாலும் படிக்க முடியாது, எண்ணும் திரும்ப வராது. என் 1-லேருந்து 5, எண்ணு 1-லேருந்து 4, இப்படி வைங்க. ஒரே எண்ணு திரும்ப வரணும், அப்பத்தான் நெறைய பக் வெளிய வரும்.

சாட்ஜிபிடில போட்டு தப்பு எங்கன்னு கேட்டா ஆகாதா?

பிராக்டிஸ்ல கேளுங்க, நடக்குற கான்டெஸ்ட்லயும் கம்பெனி டெஸ்ட்லயும் கூடாது. கேக்குறப்பவும் "சரி பண்ணி குடு"ன்னு கேக்காதீங்க, "இது தப்பா வர்ற சின்ன இன்புட் ஒண்ணு குடு"ன்னு கேளுங்க, குடுத்தத நீங்களே ஓட்டிப் பாருங்க, ஏன்னா சரியா வர்ற இன்புட்டையும் தப்பா வரும்னு தைரியமா சொல்லும்.

இப்ப எனக்கும் ஜூனியர்ஸ் வந்துட்டாங்கக்கா. "எரர் வருது"ன்னு மட்டும் சொல்றான், நான் என்ன பண்றது?

டாக்டர்ட்ட போயி "ஒடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவரு என்ன பண்ணுவாரு, நாலு கேள்வி கேப்பாரு. நீங்களும் கேளுங்க: எந்த கணக்கு, என்ன வெர்டிக்ட் (ராங் ஆன்சரா, டிஎல்இயா), எந்த டெஸ்ட், உன் வழி என்னன்னு தமிழ்ல நாலு வரி. கோட டெக்ஸ்டா கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட்ட ஓட்ட முடியாது, மானிட்டர போன்ல சாச்சு எடுத்த போட்டோன்னா இன்னும் கஷ்டம். அந்த நாலு வரி எழுதுறப்பவே பாதி பேரு "கண்டுபிடிச்சிட்டேன்"னு மெசேஜ அழிச்சிருவாங்க.

அவன் கோட பாத்ததும் தப்பு எனக்கு தெரிஞ்சிருச்சு. நேரா சொல்லிரலாமா, சுத்தி வளைக்கணுமா?

தப்பு எந்த வகைன்னு பாத்து முடிவு பண்ணுங்க. ஜாவா 127 மாதிரி சமாச்சாரம்னா சொல்லிருங்க, அது யோசிச்சு கண்டுபிடிக்கிற விஷயமே இல்ல, யாராச்சும் சொல்லித்தான் தெரியும். லாஜிக் தப்புன்னா வரிய காட்டாதீங்க, இன்புட்ட மட்டும் குடுங்க. "3, 2, 4, டார்கெட் 6, ஓட்டிப் பாரு"ன்னு சொல்லிட்டு அமைதியா இருங்க. அவன் கோட நீங்க வாங்கி உங்க ஸ்டைல்ல திருத்தி அனுப்புறதுதான் ரொம்ப மோசம், பாஸ் ஆகும், அவனுக்கு அது யாரோட கோடோ. இண்டென்ட் சரியில்ல, வேரியபிள் பேரு சரியில்லன்னு எல்லாத்தையும் அப்பவே ஆரம்பிக்காதீங்க, அக்செப்டட் வந்தப்புறம் சொன்னா காது குடுத்து கேப்பான்.

மறுநாளே அவனுக்கு நேர்ல கம்பெனி டெஸ்ட்னா இந்த பொறுமைக்கெல்லாம் நேரம் இல்ல, சொல்லிருங்க.

எல்லாம் பண்ணியாச்சு, கோட் நான் நெனச்சத அப்படியே செய்யுது, ஆனா டெஸ்ட் 37ல ராங் ஆன்சர்

அப்ப நீங்க நெனச்சதே தப்பு. பேராசை முறை, கிரீடின்னு சொல்றது, அதுலதான் இது அதிகம். கொறஞ்ச நாணயத்துல சில்லற குடுக்குற கணக்க எடுங்க, பெரிய நாணயத்துலேருந்து எடுத்துட்டே வந்தா நம்ம 1, 2, 5, 10 ரூபாய்க்கு சரியா வரும், அதனால எப்பவும் வரும்னு மனசு நம்பிரும். நாணயம் 1, 3, 4-ன்னு குடுத்து 6 ரூபா கேட்டா? 4, 1, 1 மூணு நாணயம்னு உங்க கோட் சொல்லும், 3, 3 ரெண்டே போதும். இதுல எந்த வரியும் தப்பு இல்ல, பிரின்ட் போட்டா எல்லாம் நெனச்ச மாதிரியே ஓடும். மேல சொன்ன ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒண்ணுதான் இத புடிக்கும்.

அதுக்கு முன்னாடி கணக்க மறுபடி ஒரு தடவ படிங்க, "அடுத்தடுத்து இருக்கணும்", "கண்டிப்பா அதிகமா", "வேற வேற" இந்த மாதிரி வார்த்தைய கண்ணு தாண்டிருக்கும். கோட்ஃபோர்சஸ் 71ஏ, நீளமான வார்த்தைய சுருக்குற கணக்கு, 10-க்கு மேல இருந்தாத்தான் சுருக்கணும், சரியா 10 எழுத்துன்னா விட்டுரணும். கணக்குலயே தெளிவா எழுதிருக்கு, ஆனாலும் 10-ல விழுறவங்க இருக்கத்தான் செய்றாங்க.

அப்ப உண்மையிலேயே ஜட்ஜ் தப்பா இருந்ததே கிடையாதாக்கா?

இருந்திருக்கு. பெரிய சைட்லயே கான்டெஸ்ட் நடுவுல "டெஸ்ட்ட திருத்திட்டோம்"னு அறிவிப்பு வரும், காலேஜ் அளவுல அவசரமா போடுற கணக்குல இன்னும் சகஜம், கண்டிஷன்ல நெகட்டிவ் இல்லன்னு எழுதிட்டு டெஸ்ட்ல நெகட்டிவ் வச்சிருப்பாங்க. அத செக் பண்ண ஒரு வழி இருக்கு: அவங்க சொன்ன கண்டிஷன கோட்லயே எழுதி, மீறுனா வேணும்னே சைபரால வகுக்குற மாதிரி வைங்க. ராங் ஆன்சரா இருந்தது ரன்டைம் எரரா மாறுனா டெஸ்ட்தான் தப்பு, அந்த சப்மிஷன ஆதாரமா காட்டி போட்டவங்ககிட்ட கேளுங்க. அதே கணக்க ஆயிரக்கணக்கானவங்க ஏற்கனவே முடிச்சிருக்காங்கன்னா இத ட்ரை பண்ணாதீங்க, மூணாவது கேள்விக்கு போங்க.